அடியில்லாக் கிணற்றின் அடியில்

யாழ்ப்பாண நகருக்கு வடகிழக்கே, புத்தூரை அடுத்த நவக்கிரியில் இருக்கிறது நிலாவரை. கிணறு என்பது பெயரளவில்தான். இதை யாரும் தோண்டவில்லை. பாறையில் இறங்கும் படிகள், கீழே அசைவற்ற பச்சை நீர். வானர சேனையின் தாகம் தீர்க்க ராமர் அம்பு எய்த இடம் என்கிறது ஊர்க்கதை. இதில் போட்ட தேசிக்காய் கீரிமலைக் கேணியில் மிதக்கும் என்பது இன்னொரு கதை.

நிலவியலின் கதையில் அம்பு எய்தது மழை. யாழ்ப்பாணம் அமர்ந்திருப்பது மயோசீன் காலச் சுண்ணாம்புக்கல்லின் மேல். காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு இறங்கும் மழைநீர் மெல்லிய அமிலமாகிறது. பாறை விரிசல்களை மெல்ல அரித்துக் குகைகளாக்குகிறது. பாரம் தாங்காமல் குகையின் கூரை சரிந்தால் பள்ளம். பள்ளம் நிலத்தடி நீர்மட்டத்தைத் தொட்டால் ஏரி. மெக்சிகோவின் யுகாட்டான் பகுதியில் மாயா மக்கள் புனிதமாகப் போற்றிய குளங்கள் பிறந்ததும் இப்படித்தான்.

1859-ல் வெளியான தன் இலங்கை நூலில் எமர்சன் டென்னண்ட் இந்தக் கிணற்றை வியந்து எழுதினார். அடியே இல்லை என்று நம்பப்பட்ட இதற்கு அடி உண்டு, சுமார் 50 மீட்டர் ஆழத்தில். ஆனால் உண்மையான எல்லை அதற்கு முன்பே வந்துவிடுகிறது: மேலே நன்னீர், கீழே உப்புநீர். கனம் குறைந்த நன்னீர் கடல்நீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால், கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மேலே ஓர் அடி குறைந்தால், காலப்போக்கில் உப்பு 40 அடி ஏறும்.

வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லாத குடாநாட்டுக்கு இந்தக் கணக்கு உயிர்ப் பிரச்சினை. துலா மிதித்து இறைத்த காலத்தில் மனித உடலின் களைப்பே கட்டுப்பாடாக இருந்தது. பம்புக்குக் களைப்பில்லை. வெங்காயத் தோட்டங்களின் உரமும் மலக்குழிக் கசிவும் பாறை ஓட்டைகள் வழியே இறங்கி, பல கிணறுகளில் நைட்ரேட்டைக் கூட்டியிருக்கின்றன. 2015-ல் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரம் மக்களைத் தெருவுக்கு இழுத்தது.

தேசிக்காய் கீரிமலை வரை போகுமோ என்னவோ, ஒருவர் கிணற்றில் இறங்கும் அழுக்கு அடுத்தவர் கிணற்றுக்குப் போகும். நிலாவரை தனிக் கிணறல்ல. குடாநாடு முழுவதும் குடிக்கும் தண்ணீருக்கு மேல் திறந்திருக்கும் ஜன்னல்.