தோற்ற வழக்கறிஞர்கள் எழுதட்டும்

வழக்கில் ஜெயித்த வக்கீல் எழுதிய புத்தகம் எதுவும் எனக்கு ருசித்ததில்லை. முதல் பக்கத்திலேயே அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கும். சாட்சிகள் வரிசையாக வருவார்கள், எதிர்த்தரப்பு திணறும், தீர்ப்பு சொல்லிவைத்தாற்போல் வந்து விழும். கிள்ளானில் ஒரு வக்கீல் ஆபீஸில் குமாஸ்தாவாகப் பாதி ஆயுளைக் கழித்தவன் நான். கோர்ட்டு அப்படி நடப்பதில்லை. தோற்றவர் எழுதினால்தான் உட்கார்ந்து படிக்கத் தோன்றும்.

சட்டம் படிக்கும் என் பேத்தி அப்படி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள். அமெரிக்காவின் ஓ. ஜே. சிம்சன் கொலை வழக்கில் அரசுத் தரப்பில் வாதாடித் தோற்ற கிறிஸ்டபர் டார்டன் 1996-இல் வெளியிட்ட 'இன் கன்டெம்ப்ட்'. அவரோடு தோற்ற மார்சியா கிளார்க்கும் மறு ஆண்டே தன் புத்தகத்தைக் கொண்டுவந்தார். வழக்கை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. 1994 ஜூனில் சிம்சனின் முன்னாள் மனைவியும் அவருடைய நண்பரும் குத்திக் கொல்லப்பட்டார்கள். 1995 அக்டோபர் 3-ஆம் தேதி, மாதக்கணக்கில் நடந்த விசாரணையின் முடிவை நான்கு மணி நேரம்கூடப் பேசாமல் ஜூரிகள் சொன்னார்கள்: சிம்சன் குற்றவாளி அல்ல.

டார்டன் கறுப்பர். சிம்சனும் கறுப்பர். தன் இனத்தானையே கூண்டில் ஏற்றிய துரோகி என்று அவருடைய சொந்த மக்களே அவரை ஏசினார்கள். நம் ஆட்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. போதாததற்கு, ரத்தக்கறை படிந்த கையுறைகளை ஜூரிகளுக்கு முன்னால் மாட்டிப் பார்க்கும்படி சிம்சனிடம் கேட்டவரும் அவரே. கை சரியாக நுழையவில்லை. அந்தக் காட்சியைத்தான் ஊர் இன்றும் பேசுகிறது. எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது மார்க் பர்மன் என்ற போலீஸ்காரரின் சாட்சியம். கறுப்பர்களை இழிவுபடுத்தும் சொல்லைப் பத்து வருடமாகத் தான் பயன்படுத்தியதே இல்லை என்று சத்தியம் செய்துவிட்டு, பிறகு ஒலிநாடாவில் அகப்பட்டுக்கொண்டார். அவரைக் கூண்டில் ஏற்றி விசாரித்த கிளார்க்கே, கடைசி வாதத்தில், அவர் இனவெறியர்தான் என்று ஜூரிகளிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. சொந்தச் சாட்சியைத் தானே கை கழுவும் நாள் எந்த வழக்கறிஞருக்கும் வரக்கூடாது.

அங்கே போவானேன்? நம் கிள்ளானிலேயே அதைவிடக் கனமான கதை இருக்கிறது.

1979 ஏப்ரல் 6-ஆம் தேதி இரவு, சுபாங் பக்கம் நின்றிருந்த ஒரு காருக்குள் ஜீன் பெரேரா சின்னப்பா குத்துண்டு கிடந்தார். ஆசிரியை, முன்னாள் அழகுராணி, கணவரை விபத்தில் இழந்தவர். காருக்கு அருகில் விழுந்து கிடந்தவர் கணவரின் சகோதரர் கார்த்திகேசு, விரிவுரையாளர். இருவரும் மணம் செய்துகொள்வதாக இருந்தார்கள். யாரோ தன்னைத் தலையில் தாக்கியதில் நினைவிழந்ததாக அவர் சொன்னார். போலீஸ் நம்பவில்லை. அடுத்த மாதமே கொலைக் குற்றம் சுமத்தப்பட்டது.

1980-இல் கோலாலம்பூர் உயர்நீதிமன்றத்தில், நீதிபதி முகமட் அஸ்மி முன்னிலையில், ஏழு ஜூரிகளோடு விசாரணை நடந்தது. அந்த நாட்களில் கிள்ளானில் எந்தக் காப்பிக்கடையிலும் வேறு பேச்சில்லை. காலைப் பத்திரிகை வந்ததும் பசியாறும் மேசையிலேயே தீர்ப்பு எழுதிவிடுவார்கள். நேரில் பார்த்த சாட்சி இல்லாத வழக்கு அது. சந்தர்ப்பச் சாட்சியங்களைக் கோர்த்துத்தான் அரசுத் தரப்பு நின்றது. அந்த மாலைக்கு நூலாக வந்தவர் பண்டுலானந்த ஜெயதிலக. அவள் வாழத் தகுதியில்லாதவள் என்ற கருத்தில் கார்த்திகேசு தன்னிடம் பேசினார் என்று அவர் சாட்சி சொன்னார். ஐந்துக்கு இரண்டு என்று ஜூரிகள் பிரிந்தார்கள். அன்றைய சட்டத்தில் அது போதும். கார்த்திகேசுவுக்குத் தூக்குத்தண்டனை விதிக்கப்பட்டது.

அரசாங்கம் ஜெயித்தது. பத்திரிகைகளும் ஜெயித்தன என்றே சொல்ல வேண்டும். பிறகு ஜெயதிலக வாயைத் திறந்தார்: நான் சொன்னது பொய். 1981 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் கார்த்திகேசுவை விடுதலை செய்தது. பொய்சாட்சி சொன்னவருக்குப் பத்தாண்டு சிறை. அவருடைய மேல்முறையீட்டில் ராஜா அஸ்லான் ஷா எழுதிய தீர்ப்பைத் தண்டனை அளவு பற்றிய வாதங்களில் வக்கீல்கள் பிற்பாடும் எடுத்துக்காட்டி வந்தார்கள். நம் தண்டனைச் சட்டம் 194-ஆம் பிரிவைப் புரட்டிப் பாருங்கள். மரண தண்டனைக் குற்றத்தில் ஒருவரை மாட்டிவிடப் பொய்சாட்சி சொன்னால் இருபது ஆண்டு வரை சிறை. அந்தப் பொய்யால் அப்பாவி ஒருவர் தூக்கிலேறிவிட்டால், சொன்னவனுக்கும் மரணம் விதிக்க அது இடம் கொடுத்தது. சட்டம் எழுதியவர்களுக்கு மனித நாக்கின் மேல் எவ்வளவு பயம் இருந்திருக்கிறது!

இந்த வழக்கில் தோற்ற துணை அரசாங்க வழக்கறிஞரின் நிலையை நினைத்துப் பார்க்கிறேன். டார்டனுக்குக் கிடைத்தது தோல்வி மட்டும். சிம்சன் தப்பிவிட்டார் என்று கடைசிவரை ஆத்திரப்பட அவரால் முடிந்தது. இங்கே தோல்வி வராமல் போயிருந்தால், பொய் கலந்த சாட்சியத்தின் பேரில் ஓர் உயிர் போயிருக்கும். ஜெயதிலக வாயை மூடிக்கொண்டே இருந்திருந்தால் அந்த வெற்றியில் பிழை இருந்ததென்று யாருக்கும் தெரிந்திருக்காது. குற்றம் சாட்டும் வக்கீலுக்கு மிக ஆபத்தான நேரம், தான் நினைத்ததையே அச்சு அசலாகச் சொல்லும் சாட்சி கிடைக்கிற நேரம்தான் என்று நான் கருதுகிறேன்.

கோர்ட்டு வராந்தாவில் நிறையச் சாட்சிகளைப் பார்த்திருக்கிறேன். உண்மை பேச வந்தவர் பெரும்பாலும் தடுமாறுவார். தேதி மறந்துபோகும், குறுக்கு விசாரணையில் கோபம் வரும், "தெரியாதுங்க ஐயா" என்பார். சொல்லிக் கொடுத்து வந்தவர் சரளமாகப் பேசுவார், ஆனால் எல்லாச் சமயத்திலும் இல்லை. முகத்தைப் பார்த்துப் பொய்யைக் கண்டுபிடிக்கிறேன் என்பவரை நான் நம்புவதே இல்லை. கார்த்திகேசு வழக்கின் ஏழு ஜூரிகளில் அந்த ஐந்து பேரும் முகத்தைப் பார்த்துத்தான் முடிவுசெய்திருப்பார்கள். 1995-இல் மலேசியாவில் ஜூரி முறையே எடுக்கப்பட்டது. அதனால் பொய்சாட்சி ஒழிந்துவிட்டதா? கேட்கும் காது ஏழிலிருந்து ஒன்றானது, அவ்வளவுதான்.

வீட்டிலும் இதே சங்கதி. பெண்ணுக்கு இடம் பார்க்கிறோம். மாப்பிள்ளை நமக்குப் பிடித்துவிட்டால், அவரைப் பற்றி நல்லது சொல்பவர் பெரிய மனிதர். குறை சொல்பவர் பொறாமைக்காரர். பிடிக்காவிட்டால் இது அப்படியே தலைகீழாகும். கோயில் நிர்வாகத்தில் கணக்குத் தகராறு வரும்போதும், அண்ணன் தம்பி நிலத்துக்குப் பேசாமல் போகும்போதும், நாம் முதலில் முடிவு செய்துவிட்டுப் பிறகுதான் சாட்சி தேடுகிறோம். தேடினால் கிடைக்காமலா போகும்? நாம் எதைக் கேட்க ஆசைப்படுகிறோம் என்று தெரிந்து பேச எந்த ஊரிலும் ஒரு ஜெயதிலக உண்டு. இளையவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: உங்கள் கட்சிக்குச் சாதகமாகப் பேசுகிறவரை, எதிர்க்கட்சிக்காரரைக் கேட்பதைவிட இரண்டு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள்.

சாட்சி வராமலும் வழக்கு சாயும். 2006-இல் ஷா ஆலம் அருகே கொல்லப்பட்ட மங்கோலியப் பெண் அல்தான்துயாவின் வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2008 அக்டோபர் 31-இல், அதில் குற்றம் சாட்டப்பட்டிருந்த அப்துல் ரசாக் பகிண்டா எதிர்வாதத்துக்கே அழைக்கப்படாமல் விடுவிக்கப்பட்டார். தூக்குத்தண்டனை பெற்ற இரண்டு போலீஸ்காரர்களை 2013-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் விடுதலை செய்தது; முக்கியமான ஒரு போலீஸ் அதிகாரியைச் சாட்சியாக அழைக்காதது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. 2015 ஜனவரியில் கூட்டரசு நீதிமன்றம் அதை மாற்றி மறுபடியும் குற்றவாளிகள் என்றது. ஒரே வழக்கில் அரசுத் தரப்பு தோற்று, ஜெயித்து, தோற்று, ஜெயித்தது. அந்த ஒன்பது ஆண்டுகளில் அந்த மேசையில் உட்கார்ந்தவர்கள் என்ன நினைத்தார்கள்? எந்தச் சாட்சியை அழைக்கலாம், எவரை விடலாம் என்று எப்படி முடிவு செய்தார்கள்? தீர்ப்புகளில் அது கிடைக்காது.

அமெரிக்காவில் தோற்ற மறு வருடமே புத்தகம் வருகிறது. அதில் காசு ஆசையும் உண்டு, பழியைத் தள்ளிவிடும் ஆசையும் உண்டு. இருக்கட்டும். படிக்கிற நமக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாதா? நம்மிடத்தில் ஓய்வுபெற்ற அரசாங்க வழக்கறிஞர்கள் கல்யாண வீட்டில் சாப்பாடு முடிந்த பிறகு அருமையாகப் பேசுகிறார்கள். காகிதத்தில் வைக்கத்தான் தயங்குகிறார்கள். ஜீன் சின்னப்பாவைக் கொன்றதற்காக இன்றுவரை எவரும் தண்டனை அனுபவிக்கவில்லை. அவருடைய வழக்கை நாம் சட்ட அறிக்கைகளிலும் பத்திரிகைத் துணுக்குகளிலும் தேடிப் படிக்கிறோம். பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் பெட்டாலிங் ஜெயாவிலும் ஓய்வில் இருக்கும் ஐயாமார்களே, அம்மாமார்களே, உங்கள் பழைய குறிப்பேடுகளைக் கரையானுக்கு விடாதீர்கள். ஜெயித்த வழக்குகள் சட்ட அறிக்கையிலேயே இருக்கின்றன. தோற்றதை எழுதுங்கள், தமிழில் எழுதினால் நாங்களும் படிப்போம்.