பட்ட இடம்

வீட்டில் கோழி அறுக்கிறார்கள் என்றால் கொல்லைப்பக்கம் எட்டிக்கூடப் பார்க்காதவன் நான். அப்படிப்பட்டவன் கையில் துப்பாக்கி ஏறியதற்குக் காரணம், அமெரிக்காவின் விஸ்கான்சினில் நான் வேலை பார்த்த அலுவலகத்தின் சாப்பாட்டு மேசைதான். நவம்பர் வந்துவிட்டால் அங்கே வேறு பேச்சே கிடையாது. தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டைப் பருவம். யார் எத்தனை கிளைக் கொம்புள்ள மானை அடித்தார்கள் என்பதுதான் ஊர்க்கதை. அந்தக் கதைக்குள் எனக்கும் ஓர் இடம் வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அசட்டு ஆசைதான்.

1973-லோ அதற்குப் பின்னோ பிறந்தவர்கள் பயிற்சி வகுப்பில் தேறினால்தான் அங்கே உரிமம் வாங்க முடியும். நான் ஒழுங்காகவே தேறினேன். மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும். முன்சப்பைக்குச் சற்றுப் பின்னால், இதயமும் நுரையீரலும் இருக்கும் சாப்பாட்டுத் தட்டளவு இடம்தான் குறி. சந்தேகம் இருந்தால் சுடக் கூடாது. எல்லாம் மனப்பாடம். அந்த மாநிலத்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த ஆல்டோ லியோபோல்டைப் பற்றியும் பயிற்றுநர் சொன்னார். வேட்டைக்காரனைப் பார்த்துக் கைதட்டவோ ஏசவோ காட்டில் ஆள் கிடையாது, அவனுக்கு அவன் மனசாட்சிதான் நடுவர் என்பது லியோபோல்டின் கருத்து. அதற்கும் தலையாட்டினேன்.

முதல் நாள் பொழுது சாயும் நேரம். நண்பரின் தந்தையான பெரியவரின் நிலத்தில், மரத்தில் கட்டிய பரணில் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். வெள்ளைவால் கிடா ஒன்று மரங்களை விட்டு வெளியே வந்தது. 200 கெஜத்துக்குக் குறையாது. நான் சுட்டுப் பழகியதோ 100 கெஜம் வரைதான். பக்கவாட்டிலும் நிற்கவில்லை, பாதி என் பக்கம் திரும்பியிருந்தது. இன்னும் சில நிமிடத்தில் சட்டம் அனுமதிக்கும் நேரம் முடிந்துவிடும். சுட்டுவிட்டேன்.

சத்தம் கேட்டுப் பெரியவர் வந்தார். "எங்கே பட்டது? பட்டதும் என்ன செய்தது?"

நான் பார்த்தது இதுதான்: முதுகு கூனிற்று, வால் தாழ்ந்தது, மெல்ல நடந்து மரங்களுக்குள் போய்விட்டது. சொன்னது வேறு. "முன்சப்பைக்குப் பின்னால்தான். துள்ளிக்கொண்டு ஓடியது." வகுப்பில் சொல்லித்தந்த சரியான விடை அது.

நெஞ்சில் பட்ட மானுக்கு அரைமணி காத்திருந்தால் போதும். காத்திருந்துவிட்டு டார்ச்சோடு இறங்கினோம். முதலில் இலைமேல் ஒரு சொட்டு. அப்புறம் இன்னொன்று. நுரையீரல் ரத்தம் என்றால் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். இதில் நுரை இல்லை. கறுத்திருந்தது. பெரியவர் நடையைக் குறைத்தார். ஒரு புதரோரம் சருகு அமுங்கி, மான் படுத்த வடிவமாகக் குழிந்திருந்தது. ஓரத்தில் பச்சையும் பழுப்புமாக ஏதோ ஒட்டியிருந்தது. செரிக்காத மக்காச்சோளத் துணுக்குகளும் இருந்தன. அவர் கையுறையைக் கழற்றி, சருகைத் தொட்டுப் பார்த்தார். நானும் தொட்டேன். சூடு இருந்தது. சாணமும் புளிப்பும் கலந்த நாற்றம் விரலில் ஏறியது.

"வயிற்றில் பட்டிருக்கிறது. இங்கேதான் படுத்திருந்தது. நாம் வந்ததும் எழுந்து போயிருக்கிறது."

வயிற்றில் பட்ட மானைத் தொந்தரவு செய்யாமல் விட்டால், பெரும்பாலும் கிட்டத்திலேயே படுத்து, சில மணி நேரத்தில் உயிரை விடும். அதனால் ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் தேடப் போக வேண்டும். அதுவும் நான் படித்ததுதான். முதுகு கூனியது என்று மட்டும் சொல்லியிருந்தால், வீட்டுக்குப் போய்த் தூங்கிவிட்டு விடியற்காலையில் வந்திருப்போம். அது இந்தக் குழியிலேயே கிடந்திருக்கும்.

"துள்ளவில்லை" என்றேன்.

"தெரிகிறது" என்றார்.

மறுநாள் பக்கத்து நிலக்காரரிடம் அனுமதி கேட்டு, வேலி தாண்டி, பொழுது இறங்கும்வரை தேடினோம். சதுப்பு நிலத்தின் விளிம்பில் தடம் அறுந்துபோனது. மான் கிடைக்கவே இல்லை. ஒரு குடும்பம் மாதக்கணக்கில் சாப்பிட வேண்டிய இறைச்சி கொயோட்டிகளுக்குப் போயிருக்கும். அந்த மான் எத்தனை மணி நேரம் நடந்து செத்தது என்பதற்குக் கணக்கு யாரிடமும் இல்லை.

சட்டைப்பையில் என் டேக், அதாவது ஒரு மானுக்கான அனுமதிச் சீட்டு, புதிதாகவே இருந்தது. கைக்கு வந்த மானுக்குத்தான் அப்போது அதைக் கட்ட வேண்டியிருந்தது. ஆகவே மிச்ச நாட்களில் இன்னொன்றைச் சுட எனக்குச் சட்டத்தில் தடை எதுவும் இல்லை. ஆனால் கைக்கு வராத மானையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டு, அந்தப் பருவத்தை அத்தோடு முடித்துக்கொள்கிற வேட்டைக்காரர்கள் அங்கே உண்டு. பெரியவர் அதையெல்லாம் எடுத்துச் சொல்லவில்லை. "என்ன செய்யப் போகிறாய்?" என்று மட்டும் கேட்டார். துப்பாக்கியை உறையில் போட்டேன். மிச்ச நாட்களில் அவருக்கு ஃபிளாஸ்க் தூக்கினேன். அவர் அடித்த மானை இழுத்துவர ஒரு கை கொடுத்தேன்.

அடுத்த ஆண்டு அதே பரணில் உட்கார்ந்தேன். மான்கள் வந்தன, நூறு கெஜத்துக்குள் ஒன்றும் வரவில்லை. வெறுங்கையோடு திரும்பினேன். சாப்பாட்டு மேசையில் கேட்டவர்களிடம் அதை அப்படியே சொன்னேன்.