சமன் மான்

ஷோம்பர்க் மான் இப்போது இல்லை. தாய்லாந்தின் நடுவே சாவ் பிரயா ஆறு பரவி ஓடும் சமவெளிதான் அதன் வீடாக இருந்தது. சயாமியர்கள் அதைச் ‘சமன்’ என்று அழைத்தார்கள். 1863இல் எட்வர்ட் பிளைத் அதற்கு அறிவியல் பெயர் வைத்தபோது, பாங்காக்கில் பிரிட்டிஷ் கான்சலாக இருந்த ராபர்ட் ஷோம்பர்க்கின் பெயர் ஒட்டிக்கொண்டது. கிளைமேல் கிளையாகப் பிரிந்து கூடை மாதிரி விரியும் கொம்பு அதற்கு. அடர்காட்டை ஒதுக்கிவிட்டு, ஆளுயரப் புல்லும் சதுப்புமாக இருந்த வெளிகளில் கூட்டமாக மேய்ந்தது.

நான் வடிகால் வடிவமைக்கும் வேலையில் இருக்கிறேன். பல்கலைக்கழகத்தில் நான்கு வருஷம் படித்ததில், சதுப்பு என்றால் தண்ணீரை வெளியேற்ற வேண்டிய இடம் என்றுதான் எனக்குப் பதிந்தது. அதனால்தான் இந்த மானின் கதை என்னை விடமாட்டேன் என்கிறது. இதில் என் தொழிலுக்கும் பங்கு இருக்கிறது.

1855இல் பௌரிங் ஒப்பந்தம் சயாமின் கதவை வெளிநாட்டு வணிகத்துக்குத் திறந்துவிட்டது. அரிசிக்கு நல்ல கிராக்கி. 1890இல் பாங்காக்குக்கு வடகிழக்கே ரங்சித் பகுதியில் ஒரு கம்பெனி கால்வாய் வெட்டத் தொடங்கியது. புல்வெளி வயலானது. மழைக்காலத்தில் வெள்ளம் ஏறும்போது மான்கள் மேட்டு நிலங்களில் ஒதுங்கி நிற்கும். வேட்டைக்காரர்கள் படகில் வந்து சுலபமாகக் கொன்றார்கள். கொம்புக்குச் சீன மருந்துக் கடைகளில் விலை இருந்தது. வேட்டை மட்டும் என்றால் ஓடி ஒளிய இடம் இருந்திருக்கும். அந்த இடத்தைத்தான் வயல் எடுத்துக்கொண்டது.

காட்டில் திரிந்த கடைசி மான் 1932இல் சுடப்பட்டதாகப் பதிவு. சமுத் சாக்கோனில் ஒரு கோயிலில் வளர்ந்த மானை 1938இல் குடிகாரன் ஒருவன் அடித்துக் கொன்றான் என்கிறார்கள். பாடம் செய்த முழு உடல் பாரிஸ் அருங்காட்சியகத்தில் ஒன்றே ஒன்று இருக்கிறது. 1991இல் லாவோஸில் ஒரு கடையில் இதன் கொம்பு கண்ணில் பட்டது. அதை வைத்து, இன்னும் சில மான்கள் எங்கோ தப்பியிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் எழுதினார்கள். அதற்குப்பின் உயிரோடு ஒன்றும் அகப்படவில்லை.

“அதுக்காகச் சோறு திங்காம இருக்க முடியுமாடா?” என்று நண்பன் கேட்டான். நியாயமான கேள்விதான். மலாயா தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்களின் வயிறு, பர்மா அரிசியிலும் சயாம் அரிசியிலும்தான் நிறைந்தது. என் பாட்டி “சயாம் அரிசி” என்று சொல்லும்போது அதில் ஒரு மரியாதை இருக்கும். அந்த நெல் விளைந்த மண்ணில் முன்பு என்ன மேய்ந்தது என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். பசித்தவர்கள்மேல் பழி போட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால், சமனின் உறவுக்காரன் ஒருவன் இன்னும் இருக்கிறான். மணிப்பூரில் லோக்டாக் ஏரியின் கரையோரம் வாழும் சங்காய் மான். அழிந்துவிட்டது என்று நினைத்திருந்ததை 1953இல் திரும்பக் கண்டுபிடித்தார்கள். 1975 கணக்கெடுப்பில் மிஞ்சியது 14. காப்பாற்றி, 2016இல் 260 ஆக்கியிருக்கிறார்கள்.

அந்த மான் நடப்பது ‘பும்தி’ என்ற மிதக்கும் புல்மெத்தைமேல். கோடையில் ஏரி வற்றும்போது மெத்தை கீழே இறங்கித் தரையைத் தொடும். வேர்கள் சத்தை எடுத்துக்கொள்ளும். மழையில் மறுபடி மிதக்கும். 1983இல் மின்சாரத்துக்காக இத்தாய் அணை வந்தபின், ஏரியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் உயர்ந்தே நிற்கிறது. மெத்தை தரையைத் தொட வழியில்லை. அது மெலிந்துகொண்டே வர, மானின் கால் புதைகிறது.

சயாமில் தண்ணீரை வடித்தார்கள், மணிப்பூரில் தேக்கினார்கள். இரண்டு இடத்திலும் நீர்மட்டத்தை முடிவு செய்தது என்னைப் போன்ற ஒருவரின் வரைபடம். நாங்கள் வரைபடத்தில் மண்ணின் தன்மையைக் குறிக்கிறோம், மழையளவைக் குறிக்கிறோம். எந்த மாதத்தில் யார் எங்கே ஒதுங்கி நிற்பார்கள் என்பதற்கு அதில் கட்டம் கிடையாது. கூட்டங்களில் நான் அதைக் கேட்க ஆரம்பித்திருக்கிறேன். சிலர் சிரிக்கிறார்கள், சிலர் குறித்துக்கொள்கிறார்கள்.

லோக்டாக்கில் மதகை எப்போது, எவ்வளவு திறப்பது என்று இன்றும் பேசி முடிவெடுக்கலாம். மான் இருப்பதால்தான் அந்தப் பேச்சுக்கே இடம் இருக்கிறது.