மரக்கோலா? இரும்புக்கோலா?

மாசித் திங்கள் பிறந்துவிட்டால் திருவனந்தபுரத்தில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்களில் ஆற்றுக்கால் பொங்கலைப் பற்றிய பேச்சே பேச்சு. கண்ணகியோடு இணைத்துச் சொல்லப்படும் அம்மன் ஆதலால், அவ்விழாவில் நமக்குத் தனி உரிமை உண்டு என்று நம் வீட்டுப் பெண்கள் பெருமை கொள்வர். 2009ஆம் ஆண்டில் ஒரே நாளில் 25 இலட்சம் பெண்கள் அங்குப் பொங்கலிட்டதாகக் கின்னஸ் நூல் பதிந்துள்ளது. செண்டை முழங்கும், கதினா அதிரும், அவ்வொலி எழுந்ததும் தெருத்தெருவாக அடுப்புகள் பற்றிக்கொள்ளும்.

அந்த வேட்டொலியில் மெய்சிலிர்க்கும் நாம், கதினாவைக் கெட்டித்து வைத்த கை எவருடையது என்று எண்ணுவதில்லை. அக்கை பற்றியிருந்த கோல் மரத்தால் ஆனதா, இரும்பால் ஆனதா என்று எண்ணுவது அதனினும் அரிது. சென்ற ஆண்டு நமக்கு அவ்வாறு எண்ணும் கட்டாயம் ஏற்பட்டது. அதில் நாம் செய்த தவற்றையும் மறைக்காமல் அன்பர்கள் முன் வைக்க விரும்புகிறோம்.

நாம் இரயில்வேயில் பொதி அலுவலக எழுத்தராய்ப் பணிபுரிகிறோம். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றது. நம் பாட்டனார் திருநெல்வேலிச் சீமையிலிருந்து சாலைக் கடைவீதிக்கு மூட்டை சுமக்க வந்தவர். அவரைப் போலப் பிழைப்பு நாடி வந்த குடும்பங்கள் கூடி, கரமனைப் பக்கத்தில் நம் தெருவில் ஒரு சிறிய அம்மன் கோயிலை எழுப்பின. ஆண்டுக்கொரு முறை கொடை. கொடையன்று கதினா வெடிப்பது தொன்றுதொட்ட வழக்கம்.

கதினா என்பது கனத்த இரும்பாலான சிறு குடுவை. அடியில் ஒரு துளை இருக்கும். குடுவைக்குள் கருமருந்தை இட்டு, அதன்மேல் செங்கல் தூளைப் போட்டு, ஒரு கோலால் இடித்துக் கெட்டிப்பார்கள். பின்னர் துளையருகே மருந்து தூவி, நீண்ட கழியின் நுனியில் உள்ள தீயால் எட்ட நின்று பற்ற வைப்பார்கள். பார்ப்பவர்க்கு அச்சம் தருவது பற்றவைக்கும் அந்த நொடியே. ஆனால் தொழிலறிந்தவர் அஞ்சுவது அதற்கு முந்தைய நாழிகைக்கு. பற்றவைக்கும்போது மனிதன் எட்ட நிற்கிறான். இடிக்கும்போதோ அவன் கை குடுவையின் வாயருகிலேயே இருக்கிறது.

நம் கோயிலில் உரிமம் பெற்ற வெடிக்காரர் ஒருவர் வந்து கதினா நிறைப்பார். கோல் மட்டும் கோயிலுடையது. சென்ற கொடைக்கு முன்னர் அந்தப் பழைய மரக்கோலைக் கறையான் அரித்துவிட்டது. புதுக்கோல் வாங்க மூவரடங்கிய குழு அமைந்தது: ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், இரும்புப் பட்டறை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், கணக்கெழுதும் நாம்.

மூன்று கோல்கள் எங்கள் முன் வந்தன. சாலைக் கடைவீதிப் பாத்திரக்கடையில் பித்தளைக் கோலுக்கு எடை போட்டு விலை சொன்னார்கள். கேட்டவுடன் திரும்பிவிட்டோம். தச்சர் மரக்கோலுக்கு நானூறு ரூபாய் கேட்டார். பட்டறை இளைஞரோ, தம்மிடம் உள்ள இரும்புக்கோல் ஒன்றை அம்மனுக்குக் காணிக்கையாகவே தருவதாகச் சொன்னார். “மரம் நாலு கொடை தாங்காது. இரும்பு உங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை இருக்கும்” என்றார். ஆசிரியர் சற்றுத் தயங்கினார். நாம் தயங்கவில்லை. “இரும்புக் குடுவைக்கு இரும்புக்கோல்தானே பொருத்தம்? கனமும் உண்டு, நாலு இடியில் கெட்டியாகும், கோயிலுக்குச் செலவும் இல்லை” என்று வாதாடி, நடவடிக்கைக் குறிப்பேட்டில் ‘இரும்புக்கோல் ஏற்கப்பட்டது’ என்று நம் கையாலேயே எழுதினோம்.

பகலெல்லாம் பொதி அலுவலகத்தில் இருந்து, தீபாவளி நெருங்கினால் மூட்டைக்குள் பட்டாசு ஒளிந்திருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்பவர் நாம். அபாயப் பொருளை விதியை மீறி இரயிலில் கொண்டு செல்பவருக்கு 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் மூன்றாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கிறது என்று எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொன்ன வாய் இது. அதே வாய் நானூறு ரூபாயை மிச்சப்படுத்த இரும்புக்கு வழக்குரைத்தது.

மறுநாள் விடியற்காலையில் சிற்றப்பா வீட்டுக்கு வந்தார். கொடை நாட்களில் கதினாவுக்கு அருகே தண்ணீர் வாளியோடு நின்று, சிறுவர்களை விரட்டிக்கொண்டிருப்பார் அவர். கோல் வாங்கும் காரியத்துக்கு அவரைக் கேட்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. அன்று அவர் காப்பியைத் தொடவில்லை. இடக்கையை விரித்து மேசைமேல் வைத்தார். அதில் இரண்டு விரல்கள் இல்லை என்பது நமக்கு நினைவு தெரிந்த நாள் முதல் தெரியும். அரிசி ஆலையில் பட்டையில் சிக்கிப் போயின என்று நம் தந்தையார் சொல்லியிருந்தார்.

“ஆலையும் இல்லை, பட்டையும் இல்லை, தம்பி. இரும்புக்கோல்” என்றார் சிற்றப்பா.

முப்பதாண்டுகளுக்கும் மேலாயிற்றாம். வேறோர் ஊர்க் கொடை. இருபத்தொரு வெடி வைக்க வேண்டும். அம்மன் எழுந்தருளித் தெருமுனை திரும்பும் வேளையில் மரக்கோலைக் காணவில்லை. யாரோ ஓர் இரும்புக்கம்பியைக் கையில் கொடுத்தார்கள். ஐந்து குடுவைகள் நிறைந்தன. ஆறாவதில் என்ன நடந்தது என்று அவருக்கே தெரியாது. ஒலியைக்கூட அவர் கேட்கவில்லையாம். மண்ணில் விழுந்து கிடந்தபோதுதான் கையைப் பார்த்தாராம். கோயில் காரியத்தில் இரத்தம் சிந்தியது என்றால் அம்மனுக்கு ஆகாது, ஊருக்குப் பழி என்று பெரியவர்கள் அதை மூடிவிட்டார்கள். நம் தந்தையார் அரிசி ஆலைக் கதையை உண்டாக்கினார். அப்பொய்யிலே நாம் வளர்ந்தோம். ஆதலால்தான் விரல் போன வீட்டிலேயே பிறந்தும், இரும்புக்கோலுக்குப் பரிந்து பேசினோம்.

அன்று முதல் இதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படிக்கலானோம். முதலில் கண்ணில் பட்டவர் நம்மைப் போல் ஓர் இரயில்வே ஊழியர். அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்துக் காவண்டிஷ் என்னும் ஊரருகே, இருப்புப்பாதைக்காகப் பாறை உடைக்கும் கூட்டத்துக்கு மேலாளராய் இருந்த பினியஸ் கேஜ் என்பவர் அவர். வயது இருபத்தைந்து. 1848ஆம் ஆண்டு செப்டம்பர் 13ஆம் நாள், பாறைத் துளையில் கருமருந்து இட்டாயிற்று. மேலே மணல் போடவில்லை. கவனம் ஒரு கணம் திரும்பியது. கையிலிருந்த இரும்புக்கோல் பாறையில் உரசிப் பொறி எழுந்தது. மூன்றரை அடிக்கு மேல் நீளமும் ஆறு கிலோ எடையும் உள்ள அக்கோல் அவர் கன்னத்தின் வழியே புகுந்து உச்சந்தலை வழியே வெளியேறியது. வியப்பு என்னவெனில் அவர் பிழைத்து, 1860 வரை வாழ்ந்தார். அவருடைய மண்டையோடும் அக்கோலும் ஹார்வர்டு மருத்துவக் கல்லூரியின் காட்சியகத்தில் உள்ளன. மூளையைப் பற்றிப் படிக்கும் மாணவர்கள் அவர் பெயரை அறிவார்கள். கோலைப் பற்றி அறிய வேண்டியவர்களோ நம் போன்ற கோயில் குழுவினர்.

இதன் காரணம் எளிது. கருமருந்து என்பது வெடியுப்பும் கரியும் கந்தகமும் சேர்ந்த கலவை. அதற்குச் சிறு தீப்பொறி போதும். இரும்பு இரும்போடு மோதினாலும், செங்கல் தூளில் கலந்த கல்லோடு மோதினாலும் பொறி எழலாம். மரம் மோதினால் பொறி எழாது. பித்தளையிலும் செம்பிலும் பொறி எழுவது மிக அரிது. அக்காலத்து மருந்துக் கிடங்குகளில் செம்புக் கருவிகளையே வைத்திருந்ததும், ஆணி அடித்த காலணியோடு உள்ளே புகவிடாததும் இதனாலேயே. நம் நாட்டில் 1961ஆம் ஆண்டு வகுத்த உலோகச் சுரங்க ஒழுங்குமுறைகளும், வெடி வைப்பவருக்கு முழுதும் மரத்தாலான இடிகோலையே கொடுக்க வேண்டும் என்கின்றன. பாறை பிளக்கும் சுரங்கத்துக்கே மரம் போதும் என்றால், தெருக்கோயில் கதினாவுக்கு இரும்பு எதற்கு?

அலுவலக நண்பர் ஒருவர் துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபாடு உடையவர். 2015ஆம் ஆண்டுத் தேசிய விளையாட்டுப் போட்டிகளுக்காக நம் நகரின் வட்டியூர்க்காவில் அமைந்த சுடுதளத்துக்கு அடிக்கடி செல்வார். அவரிடம் இதைச் சொன்னபோது அவர் வேறொரு செய்தி சொன்னார். மேல்நாடுகளில் குறி சுடுவோர் பலர், சுட்டுத் தீர்ந்த பித்தளைத் தோட்டாக் கூட்டைத் தாமே மீண்டும் நிரப்பிக்கொள்வார்களாம். அதில் நுட்பமான வேலை, கூட்டின் அடியில் உள்ள குழியில் பற்றுமூடியைப் பொருத்துவது. அம்மூடி அடிபட்டால் பற்றுவது. எனவே அதைத் தட்டக் கூடாது. மெல்ல அமுக்க வேண்டும். மேசையில் பொருத்திய நெம்புகோல் விரைவில் வேலை முடிக்கும். ஆயினும் பலர் உள்ளங்கையில் அடங்கும் கைக்கருவியையே விரும்புவார்களாம். மூடி குழியில் நேராய் இறங்குகிறதா, முரண்டுகிறதா என்பதை விரல் அறிந்துகொள்ளும். முரண்டினால் கை தானே நிற்கும். நம் நாட்டில் உரிமமின்றிச் செய்யலாகாத தொழில் அது. ஆயினும் அக்கருவியைத் தேர்ந்தெடுக்கும் முறையில் நமக்கொரு பாடம் இருந்தது. அதைச் சிற்றப்பாவிடம் சொன்னோம். அவர் தலையசைத்தார். “மரக்கோல் கையோடு பேசும். இரும்பு தன் கனத்தில் தானே இறங்கும், அதற்கு நம் கை வேண்டியதில்லை” என்றார்.

நாம் பணியில் சேர்ந்த புதிதில் மூத்தவர் ஒருவர் கைகாட்டி மரத்தைப் பற்றி விளக்கியது அப்போது நினைவுக்கு வந்தது. அதன் கம்பி அறுந்துபோனால் கை தானாகவே ‘நில்’ என்னும் நிலைக்குத் திரும்பிவிடும். அதற்கேற்பவே பின்புறம் எடை வைத்திருப்பார்கள். கம்பி என்றாவது அறும் என்று எண்ணியவர்கள் செய்த கருவி அது. கோலும் அவ்வாறே. எல்லாம் ஒழுங்காய் நடக்கும் நாளில் எந்தக் கோலும் போதும். அம்மன் தெருமுனை திரும்ப, கூட்டம் கூச்சலிட, கை பதறும் நாள் ஒன்று வரும். அன்றைக்காகவே கோலைத் தேர வேண்டும்.

மரக்கோலைப் பிடித்துவிட்டால் எல்லாம் நலமே என்றும் கருதிவிடலாகாது. வெடியுப்புக்குப் பதிலாகக் குளோரேட்டு உப்பைக் கந்தகத்தோடு சேர்த்த மருந்து வெறும் உராய்விலேயே வெடிக்கக்கூடியது. அக்கலவையை 1992ஆம் ஆண்டிலேயே நம் அரசு தடை செய்துவிட்டது. அத்தகைய மருந்தானால் மரமும் காப்பாற்றாது. மருந்தை இறைத்து வைப்பதும், அருகே தீயை விடுவதும், கூட்டத்தை நெருங்கவிடுவதும் அவ்வாறே. நம் நகரிலிருந்து கொல்லம் செல்லும் இரயில் பாதையில் உள்ள பரவூரில், 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள் விடியுமுன் புற்றிங்கல் கோயிலில் சேர்த்து வைத்திருந்த வாணவெடிகள் தீப்பற்றி, நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். 2023ஆம் ஆண்டு சனவரி 2ஆம் நாள் சபரிமலையில் கதினா நிறைத்துக்கொண்டிருந்த தொழிலாளர் மூவர் தீக்காயமுற்றனர். பின்னர் உயிரிழப்பும் நேர்ந்தது. முன்னதை உலகமே அறியும். பின்னது போன்றவை செய்தித்தாளில் சில வரிகளோடு முடிகின்றன. நம் சிற்றப்பாவின் விரல்களுக்கோ அச்சில வரிகளும் கிடைக்கவில்லை.

குழு மறுபடியும் கூடியது. இம்முறை சிற்றப்பாவை நடுவில் அமர்த்தினோம். பட்டறை இளைஞர் அவர் கையைப் பார்த்துவிட்டு, தாம் தருவதாகச் சொன்ன கோலைத் தாமே விலக்கிக்கொண்டார். தச்சரிடம் புளியமரக் கோலுக்குச் சொன்னோம். நுனி பிளக்காமலிருக்க இரும்புப் பூண் போட்டுத் தருவதாகத் தச்சர் சொன்னார். சிற்றப்பா ஒப்பவில்லை. “பூணும் வேண்டாம், ஆணியும் வேண்டாம். பிளந்தால் பிளக்கட்டும், இன்னொன்று வாங்கலாம்” என்றார். இடிக்கும்போது முகம் குடுவைக்கு மேல் கவியாதபடி நீளமாய்ச் செய்யச் சொன்னார். மண்ணில் போடாமல் துணியில் சுற்றி வைக்கச் சொன்னார். இருபத்தொரு வெடியை மூன்றாகக் குறைத்தோம். அனுமதி முறைகளை 1884ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டமும் 2008ஆம் ஆண்டு விதிகளும் கேட்கிறபடி செய்தோம். குறிப்பேட்டில் முன்பு எழுதிய வரியை நாமே சிவப்பு மையால் அடித்து, ‘மரக்கோல், ரூபாய் 400’ என்று எழுதினோம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். இந்தச் சுண்டைக்காயைக் கால் பணம் மிச்சமென்று விட்டிருந்தால் எவர் எதைச் சுமந்திருப்பார் என்று எண்ணவே அஞ்சுகிறோம்.

கொடை நன்றாகவே நடந்தது. மூன்று முறை அதிர்ந்தது. சிற்றப்பா வாளியோடு தம் இடத்தில் நின்றார்.

இதனை நம் சங்க இதழில் எழுதலாமா என்று அவரிடம் கேட்டோம். நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, “பெயரை எழுதாதே, தம்பி. விரலை எழுது” என்றார்.

எழுதிவிட்டோம். ஊர்விட்டு வந்து ஊர்க்கோயிலை மறவாமல் கொடை நடத்தும் நம் குடும்பங்கள் எத்தனையோ உள்ளன. பங்குனிக்கும் சித்திரைக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கும் குழுவினர் இருப்பீர்கள். கதினா நிறைப்பவர் கையில் எந்தக் கோல் இருக்கிறது என்று இவ்வாண்டு ஒருமுறை சென்று பாருங்கள். உங்கள் வீட்டிலும் அரிசி ஆலைக் கதை ஒன்று இருக்குமானால், அதன் உண்மையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள்.