டிராமா படித்தால் என்ன வேலை?

கும்மிடிப்பூண்டி லோக்கலில் வந்து பொன்னேரியில் இறங்கி, பழவேற்காடு பஸ் ஏறினேன். நான் சிங்கப்பூருக்குப் போய் நெடுங்காலம் ஆகிறது. சித்திரையில் அகத்தீஸ்வரரும் கரிகிருஷ்ணப் பெருமாளும் சந்திக்கும் பொன்னேரியில் இப்போது எங்கு பார்த்தாலும் மாடிக் கட்டடங்கள். பழவேற்காட்டு ஏரிக்கரைக்கு வந்தால் கவலை மட்டும் பழையதுதான். முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து தூர்ந்தால் கடல்தண்ணீர் உள்ளே வராது, இறாலும் வராது. தெற்கே காட்டுப்பள்ளியில் துறைமுகம் வந்துவிட்டது. பாடு வைத்து, இன்று யாருக்கு எந்த இடம் என்று முறை பிரித்துத் தொழில் செய்த ஏரி இது. முறை வந்தாலும் மீன் வருவதில்லை என்கிறார்கள்.

தங்கை வீட்டில் சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள் அவள் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் படித்த உலகநாத நாராயணசாமி அரசு கல்லூரியில்தான் அவளும் படிக்கிறாள்.

“மாமா, பாண்டிச்சேரியில டிராமா படிக்கலாம்னு இருக்கேன். செலக்சன்ல இன்னா கேப்பாங்க?”

தங்கை அடுப்படியிலிருந்தே கேட்டாள்: “படிச்சிட்டு இன்னாண்ணா வேலைக்குப் போவா? சினிமாவுல சேத்துப்பாங்களா?”

முதல் கேள்விக்குப் பதில் சொல்வது எளிது. காலாப்பட்டில் கடலைப் பார்த்தபடி இருக்கிறது புதுவைப் பல்கலைக்கழகம். அங்குள்ள நிகழ்கலைப் பள்ளிக்குச் சங்கரதாஸ் சுவாமிகள் பெயர். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியரான அவர் 1922இல் புதுச்சேரியில்தான் காலமானார். தொடக்க காலத்தில் அந்தப் பள்ளியை நடத்தியவர் இந்திரா பார்த்தசாரதி. நான் அங்கே சேரத் தேர்வுக்குப் போனபோது, குப்பத்துத் திருவிழாவில் விடிய விடியப் பார்த்த கூத்திலிருந்து துச்சாதனன் அடவை ஆடிக் காட்டினேன். பிறகு வலையே இல்லாமல் வலை இழுத்துக் காட்டச் சொன்னார்கள். குதிகால் சேற்றில் புதைவதும், தோள் பின்னால் சாய்வதும், கனம் கூடக் கூட மூச்சு மாறுவதும் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தவை. தேர்வாளர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மேடைக்கு வேண்டிய உடம்பு மீனவர் வீட்டில் ஏற்கெனவே பழகியிருக்கிறது என்பதை அன்று புரிந்துகொண்டேன்.

டெல்லி தேசிய நாடகப் பள்ளிக்குப் போக ஆசைப்பட்டால் இன்னும் தயாராக வேண்டும். 1959இல் தொடங்கிய பள்ளி அது. பட்டம் வேண்டும், குறைந்தது ஆறு நாடகங்களில் பங்கெடுத்திருக்க வேண்டும், இந்தி, ஆங்கிலம் ஓரளவு தெரிந்திருக்க வேண்டும். முதல் சுற்றில் தேறியவர்களை டெல்லிக்கு அழைத்துப் பல நாள் பட்டறை வைத்துப் பார்ப்பார்கள். சேர்ந்தவர்களுக்கு உதவித்தொகை உண்டு. மூன்று ஆண்டுப் படிப்பு.

தங்கையின் கேள்விதான் கனமானது. டெல்லிப் பள்ளி என்றதும் நசிருதீன் ஷா, ஓம் புரி, இர்ஃபான் கான், நவாசுதீன் சித்திக்கி என்று சினிமாப் பெயர்களையே அடுக்குகிறோம். அங்கே படித்த ரத்தன் தியாம் சொந்த மண்ணான மணிப்பூருக்குத் திரும்பி, 1976இல் இம்பாலில் கோரஸ் ரெப்பர்டரி தியேட்டரைத் தொடங்கினார். உலக மேடைகள் அவரைத் தேடி அழைத்தன. கர்நாடகத்தின் ஹெக்கோடு ஒரு சிற்றூர். கே.வி. சுப்பண்ணா வளர்த்த நீனாசம் அங்கேயே நாடகப் பள்ளி நடத்துகிறது. அதன் குழு ஊர் ஊராகப் போய் நாடகம் போடுகிறது. தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த மு. ராமசாமி, ஆயுளில் பெரும்பகுதியை மேடைக்கும் வகுப்பறைக்கும் கொடுத்த பிறகுதான் ‘கேடி என்கிற கருப்புதுரை’யில் நாயகனானார்.

என்னோடு படித்தவர்களில் சிலர் கல்லூரிகளில் கற்பிக்கிறார்கள். சிலர் குழு நடத்துகிறார்கள்; தொண்டு நிறுவனங்களுக்கு வீதி நாடகம் செய்கிறார்கள்; தொலைக்காட்சியில் இருக்கிறார்கள். வருமானம் போதாமல் துறையை விட்டுப் போனவர்களும் உண்டு. நான் சிங்கப்பூர்ப் பள்ளிகளில் பிள்ளைகளுக்கு நாடகம் சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறேன். அந்த ஊரில் நாடகக்காரர்களான குவோ பாவ் குன்னும் டி. சசிதரனும் தொடங்கிய நடிப்புப் பள்ளியில், கூடியாட்டத்தையும் ஜப்பானிய நோ நாடகத்தையும் ஒரே கூரையின் கீழ் கற்கிறார்கள். நம் கூத்தும் அப்படி உட்கார்ந்து படிக்க வேண்டிய கலைதான்.

தமிழ்நாட்டில் எங்கே அடைப்பு? அரசுப் பள்ளிகளில் ஓவியம், இசை, தையல், உடற்கல்விக்குச் சிறப்பாசிரியர் பணியிடம் இருக்கிறது, நாடகத்துக்கு இல்லை. 2022 முதல் கலைத் திருவிழா நடத்தி, பிள்ளைகளை மேடையேற்றுகிறார்கள். நல்ல காரியம். ஆனால் அந்த நாடகங்களுக்குப் பயிற்சி கொடுப்பது, பாடம் முடிந்து களைத்த தமிழாசிரியரோ அறிவியல் ஆசிரியரோதான். நாடகம் முறையாகப் படித்தவர்கள் பள்ளிக்கு வெளியே வேலையில்லாமல் நிற்கிறார்கள்.

தங்கையிடம் உண்மையையே சொன்னேன்: “சினிமா நிச்சயமில்லம்மா. ஆனா இந்தப் படிப்பு வீணும் இல்ல.” அவள் மகளிடம், இந்த ஆண்டே விண்ணப்பிக்கச் சொன்னேன், பாட்டியிடம் ஏலேலோப் பாட்டு ஒன்றைக் கற்றுக்கொண்டு போகச் சொன்னேன். ஏரியை மட்டும் நம்பி இனி எங்கள் பிள்ளைகள் வாழ முடியாது. பள்ளிக்கல்வித் துறை நாடக ஆசிரியர் பணியிடத்தை உருவாக்க வேண்டும். அதைக் கரையோரப் பள்ளிகளிலிருந்து தொடங்க வேண்டும். நாடகம் படித்தால் என்ன வேலை என்று கேட்கும் பெற்றோருக்கு அரசு கொடுக்கக்கூடிய நேர்மையான பதில் அது ஒன்றுதான்.