வவுனியாவுக்குக் கொண்டுபோன கமரா

முள்ளியவளையில் காலைப் பஸ் ஏறும்போது என் கைப்பையில் சாப்பாட்டுப் பார்சல் ஒன்று, தண்ணீர்ப் போத்தல் ஒன்று, பழைய துவாயில் சுற்றிய கமரா ஒன்று. வவுனியாவில் பழைய கமராக்களை நல்ல விலைக்கு எடுக்கிறார்கள் என்று பக்கத்து வீட்டுப் பிள்ளை சொல்லியிருந்தாள். கோழிக்கூட்டுக்கென்று எடுத்த நுண்கடனில் மூன்று தவணை பிந்திவிட்டது. கடன் அறவிட வருபவர் போன கிழமை படலையடியில் நின்று போட்ட சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது. வீட்டில் விற்கக்கூடிய பொருள் என்று மிஞ்சியிருந்தது இந்தக் கமரா மட்டும்தான்.

அம்மாவிடம் சொல்லாமல் வெளிக்கிட்டேன். அதற்குக் காரணம் இருந்தது. அது தம்பியுடைய கமரா.

பஸ் தண்ணீரூற்றைத் தாண்டி ஒட்டுசுட்டான் பக்கம் ஓடியது. தான்தோன்றீஸ்வரர் கோயிலடியில் வழக்கம்போல எல்லோரும் ஒருமுறை கையெடுத்தோம். அதற்கப்பால் இரண்டு பக்கமும் காடு. பாலையும் வீரையும் முதிரையும் நிற்கும் காடு. இடைக்கிடை வயல், ஒரு குளக்கட்டு, புதிதாகக் கட்டிய கல்வீடு, அதன் பக்கத்திலேயே இன்னும் இடிக்காத பழைய தகரக் கொட்டில். இந்தப் பாதையால் எத்தனை தரம் நடந்திருப்போம், எத்தனை தரம் உழவு மெசினில் போயிருப்போம்! யன்னலோரம் இருந்து போகும்போதுதான் இது வடிவான பாதை என்பதே எனக்குத் தெரிந்தது.

கமராவைப் பற்றிச் சொல்லவேண்டும். கனடாவில் இருந்த மாமா 2006ஆம் ஆண்டு வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்கு வந்தபோது கொண்டுவந்து தம்பிக்குக் கொடுத்தார். நிக்கொன் கூல்பிக்ஸ் எஸ்4 என்று அதில் எழுதியிருக்கும். 2005இல் வெளிவந்த வகை. ஆறு மெகாபிக்சல். தூரத்தில் இருப்பதைப் பத்து மடங்கு கிட்ட இழுத்துக் காட்டும். பார்க்கிறவர்கள் சிரிப்பார்கள், ஏனென்றால் அது கமரா மாதிரியே இருக்காது. நடுவில் முறுக்கலாம். ஒரு பாதியில் கண்ணாடி வில்லை, மறு பாதியில் படம் தெரியும் திரை. திரையை அசையாமல் பிடித்துக்கொண்டு வில்லையை மட்டும் மேலே, கீழே, ஏன் நம் முகத்துக்கு நேரேயும் திருப்பலாம்.

இன்னொரு வசதியும் இருந்தது. அதற்குத் தனிச் சார்ஜர் தேவையில்லை. இரண்டு பென்ரோர்ச் பற்றரி போட்டால் வேலை செய்யும். கரண்ட் இல்லாத எங்கள் ஊருக்கு அது பெரிய விசயம். 1990களில் பொருளாதாரத் தடை இருந்த காலத்தில் வன்னிக்குப் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைச் சுற்றி, டைனமோவில் ரேடியோச் செய்தி கேட்ட சனம் நாங்கள். 2002இல் பாதை திறந்த பிறகுதான் பற்றரி பெட்டிக்கடைச் சாமானானது. அதனால் கமராவுக்குப் பற்றரி வாங்கும்போதெல்லாம், சமாதானம் என்றால் இதுதான் என்று தம்பி பகிடி விடுவான்.

அவன் அதை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடிக்கமாட்டான். வயிற்றடியில் வைத்து, குனிந்து திரையைப் பார்த்து எடுப்பான். படம் எடுக்கிறான் என்று எதிரில் நிற்பவருக்குத் தெரியாது. ஸ்ரூடியோவில் நிற்பதுபோல யாரும் விறைத்து நிற்கவில்லை. பொங்கல் பானையை இறக்கும் சித்தி, உப்புத்தண்ணீரில் எரியும் அம்மன் விளக்கைப் பற்றிப் பேரப்பிள்ளைக்குச் சொல்லும் கிழவி, வரம்பில் இருந்து வெற்றிலை போடும் அப்பா, எல்லோரும் எப்படி இருந்தார்களோ அப்படியே விழுந்தார்கள்.

மாங்குளத்தில் பஸ் கொஞ்சநேரம் நின்றது. இறங்கித் தேத்தண்ணி குடித்தேன். புகையிரதத் தண்டவாளம் வெயிலில் பளபளத்தது. 1990இல் யாழ்தேவி நின்றபின் அந்தப் பழைய தண்டவாளமும் சிலிப்பர்க் கட்டையும் பங்கர்களுக்கு மேல்மூடியாகப் போய்விட்டன. இப்போது கிடப்பது புதிதாகப் போட்ட பாதை. 2013 செப்டெம்பரில் கிளிநொச்சி வரையும், 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணம் வரையும் ரயில் ஓடத் தொடங்கியது.

மாங்குளத்தில் இருந்து ஏ9 வீதி. கனகராயன்குளம், புளியங்குளம், பிறகு ஓமந்தை. ஓமந்தை வந்தால் எனக்கு இப்போதும் அடிவயிற்றில் ஒரு பிசைவு. சோதனைச்சாவடி 2015இல் அகற்றப்பட்டுவிட்டது. பஸ் நிற்காமலே போகிறது. ஆனாலும் கை தானாகவே அடையாள அட்டையைத் தடவிப் பார்க்கிறது. பக்கத்து ஆசனத்து அக்காவும் அதையே செய்தா. ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம்.

அந்த ஓமந்தையால்தான் கமரா பிழைத்தது. 2006 ஆடிக் கடைசியில், படங்களைக் கழுவி எடுக்கச் சொல்லி வவுனியாவில் இருந்த சித்தியிடம் தம்பி கமராவைக் கொடுத்துவிட்டான். அடுத்த மாதம் சண்டை தொடங்கிப் பாதை மூடப்பட்டது. அதன்பிறகு ஓமந்தையால் போய்வருவது லேசான காரியமாக இருக்கவில்லை. அதிலும் கமராவோடு யார் வருவார்? அது சித்தியின் அலுமாரியிலேயே கிடந்தது. எங்கள் வீட்டிலிருந்த அல்பங்கள், கலியாணப் படங்கள், அப்பாவின் பெரிய படம் எல்லாம் 2009இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் எங்கே விழுந்ததென்று தெரியாமல் போயின. தம்பியும் அந்த வைகாசியில் வட்டுவாகல் பக்கத்தில் சனத்துக்குள் எங்கள் கையை விட்டுப் போனான். இன்றுவரை ஒரு தகவலும் இல்லை.

2010இல் மெனிக்பாம் முகாமில் இருந்து வெளியே வந்து முதலில் சித்தி வீட்டுக்குப் போனோம். சித்தி கமராவை அம்மாவின் மடியில் வைத்தா. ஆவலோடு பற்றரி போட்டுப் பார்த்தோம். நூறுக்கு மேல் படம் இருந்தது. எல்லோரும் இருந்தார்கள். தம்பி மட்டும் இல்லை. படம் எடுத்தவன் அவன்தானே! எடுக்கிறவன் எப்படிப் படத்துக்குள் வருவான்? அன்று அம்மா அழவில்லை. கமராவை மறுபடி துவாயில் சுற்றி வைத்துவிட்டா.

ஆகவே அம்மாவிடம் அவனுடைய படம் என்று இருந்தது ஒன்றுதான். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தின் பிரதி, பெரிதாக்கியது. காதிரண்டும் தெரிய, வாயை மூடி, நேரே பார்த்தபடி இருப்பான். 2017 மாசியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் அம்மாமார் வீதியோரத்தில் கொட்டகை போட்டு இருக்கத் தொடங்கினார்கள். முல்லைத்தீவிலும் தொடங்கியபோது அம்மாவும் அந்தப் படத்தோடு போனா. மடியில் வைத்து வைத்து அதன் மூலைகள் வெள்ளையாகிவிட்டன.

வவுனியாவில் மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கி, விசாரித்து விசாரித்துக் கடையைக் கண்டுபிடித்தேன். போன் திருத்தும் சின்னக் கடை. இருபத்திரண்டு இருபத்துமூன்று வயதுத் தம்பி ஒருவர் கமராவை வாங்கி முறுக்கிப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அக்கா, இப்ப பெடியளுக்கு இதுதான் விருப்பம். போன் படம் கண்ணாடி மாதிரி இருக்குதாம், இந்தப் பழைய படத்திலதான் ஒரு நிறம் இருக்குதாம்."

உலகம் முழுவதும் அப்படித்தான் என்று அவர் விளக்கினார். 2010இல் உலகத்துக் கம்பனிகள் 12 கோடி அளவில் டிஜிட்டல் கமரா அனுப்பினவாம். பத்துப் பன்னிரண்டு வருசத்தில் போனில் கமரா வந்து அதை ஒரு கோடிக்கும் கீழே இறக்கிவிட்டது. இப்போது எறிந்ததைத் தேடி வாங்குகிறார்கள். பற்றரி மூடி தளர்ந்திருந்தாலும் 15,000 ரூபா தரலாம் என்றார். என் கடன் தவணை மூன்றும் அதற்குள் அடங்கும்.

"கார்ட்டை எடுத்துப்போட்டு ஒருக்கால் பாக்கிறன்" என்று மெமரி கார்ட்டைக் கழற்றிவிட்டுக் கமராவை மறுபடி போட்டார். "அக்கா, உள்ளுக்கையும் படம் கிடக்கு."

எனக்கு விளங்கவில்லை. இந்த மாதிரிக் கமராக்களில் கார்ட் இல்லாவிட்டாலும் சில படங்கள் பதிய உள்ளுக்குள்ளேயே கொஞ்சம் இடம் இருக்குமாம். கார்ட் போட்டிருக்கும்போது அந்தப் படங்கள் திரையில் வராதாம். மாமா கமராவைக் கொடுத்தபோது கார்ட் கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. முதல் இரண்டு மூன்று நாள் தம்பி கார்ட் இல்லாமல்தான் எடுத்தான்.

அவர் கமராவை என் பக்கம் திருப்பினார். ஐந்து படங்கள். முதலாவதில் எங்கள் பழைய வீட்டுக் கூரை. இரண்டாவதில் மாமாவின் சப்பாத்து. மூன்றாவதில் தம்பி. வில்லையைத் தன் பக்கம் திருப்பிவிட்டு, அம்மாவின் தோளில் கைபோட்டு, தானே எடுத்த படம். தங்கள் முகம் திரையில் தெரிவதைக் கண்டு இருவரும் வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். அம்மாவுக்குக் கண்ணே தெரியவில்லை, அவ்வளவு சிரிப்பு.

கடைத்தம்பி ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் தண்ணீர் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. வன்னிப் பிள்ளை, கேட்கத் தேவையிருக்கவில்லை. கமராவின் மெனுவிலேயே உள்ளிருக்கும் படத்தைக் கார்ட்டுக்கு மாற்றும் வழி இருந்தது. மாற்றினார். பிறகு கணினியிலும் போட்டு, என் மகளின் போனுக்கும் அனுப்பி, அந்த ஒரு படத்தைப் பெரிதாக அச்சடித்தும் தந்தார்.

"அப்ப உள்ளுக்கை இருக்கிறதை அழிச்சுவிடவோ? வாங்கிற ஆக்களிட்டைக் குடும்பப் படத்தோடை குடுக்கேலாது."

திரையில் அழிக்கவா என்ற கேள்வி வந்து நின்றது. ஆம், இல்லை. மூன்று இடத்தில் பிரதி இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் ஆம் என்பதை அழுத்த விரல் போகவில்லை. அவரையும் அழுத்தவிடவில்லை. கமராவைத் துவாயில் சுற்றிக்கொண்டு பஸ்சுக்கு வந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், விற்கப் போனதையும். படத்தைக் கொடுத்தேன். அம்மா லாம்புக்குக் கிட்டப் பிடித்து வெகுநேரம் பார்த்தா. விரலால் அவன் முகத்தைத் தொட்டா.

"இதைக் கொட்டகைக்குக் கொண்டுபோவமே அம்மா? சட்டம் போட்டுத் தாறன்" என்றேன்.

"வேண்டாம். றோட்டுக்கும் கந்தோருக்கும் அந்தப் படம் போதும். இது வீட்டுக்கு" என்றா.

பிறகு கமராவைப் பற்றி நானாகக் கேட்காமலே சொன்னா: "கமராவை வில் பிள்ளை. அவன் வந்தால் புதுசு ஒண்டு வாங்கிக் குடுப்பம். படலையடியில ஒருத்தன் வந்து நிண்டு கத்துறதை அவன் வந்து பாக்கக்கூடாது."

விற்றால் அவனைக் கைவிட்டதாகிவிடும் என்று நான் பயந்திருந்தேன். அம்மா அப்படி நினைக்கவில்லை. பதினைந்து வருசத்துக்கு மேலாக அவனைத் தேடுகிறவ அம்மா. எது அவனுடையது, எது வெறும் சாமான் என்று அவவுக்குத் தெரிந்திருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடி போனேன். இந்தமுறை மகளும் வந்தாள். போகுமுன் அந்த ஐந்து படங்களையும் சித்தியின் மகளின் கணினியிலும் கனடா மாமாவிடமும் பத்திரப்படுத்தியிருந்தோம். கடையில் மறுபடி அந்தக் கேள்வி வந்தபோது நானே அழுத்தினேன். கை நடுங்கியது. ஒவ்வொரு படமாகப் போய்க் கடைசியில் திரை வெறுமையானது. இந்தமுறை 13,500 ரூபாதான் தந்தார். விலை இறங்கிவிட்டதாம். பரவாயில்லை. இரண்டு தவணை முழுதாகவும் மூன்றாவதில் பாதிக்கு மேலும் கட்டினேன். மிச்சத்துக்கு இரண்டு சேவல் விற்றேன். படலையடியில் இப்போது சத்தமில்லை.

சகோதரிகளே, உங்களிலும் பலரிடம் இப்படி ஏதாவது இருக்கும். பழைய கமரா, வேலை செய்யாத போன், சிம் இல்லாத ஒன்று. வைத்திருக்கவேண்டுமா, விற்கவேண்டுமா என்பதை நான் சொல்லமுடியாது. அது உங்கள் வீட்டு நிலைமையைப் பொறுத்தது. ஆனால் முடிவெடுக்குமுன் அதற்குள் இருப்பதை எடுத்துவிடுங்கள். கமராவென்றால் கார்ட்டைக் கழற்றிவிட்டும் ஒருமுறை பாருங்கள். ஒரு பிரதி வீட்டில், ஒன்று வேறு ஊரிலுள்ள உறவுக்காரரிடம், முக்கியமானதைக் கடதாசியில். அதன் பின்பக்கத்தில் யார், எந்த இடம், எந்த ஆண்டு என்று பென்சிலால் எழுதுங்கள். நாங்கள் ஒருமுறை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்திருந்து இழந்தவர்கள்.

வரும்போது ஓமந்தையில் நானும் மகளும் யன்னலோரம் இருந்தோம். அந்த இடத்தில் என்ன இருந்தது என்று அவள் கேட்டாள். புளியங்குளம் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.