அப்பாவோட கார் ஏன் மலையேறலை?

போன மாசம் ஏற்காடு போற வழியில எங்க கார் மூணு தடவை நின்னுபோச்சு. அப்பாவோட 96 மாடல், கார்புரேட்டர் வண்டி. சேலம் டவுனுக்குள்ள சமர்த்தா ஓடும். கொண்டை ஊசி வளைவு வந்தா போதும், இழுக்காது, திக்கித் திக்கி அணைஞ்சுடும். அஞ்சு நிமிஷம் விட்டு செல்ஃப் அடிச்சா ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பும்!

மெக்கானிக் பிளக் மாத்தினார், காயில் மாத்தினார். கடைசியில "இன்ஜினை இறக்கணும் சார்"னுட்டார். அப்பா ஒண்ணும் பேசலை. ராத்திரி ஆர்.சி. புக்கை மடியில வெச்சுக்கிட்டு காயலான் கடைக்காரருக்கு போன் போட்டார். அதைத்தான் என்னால பார்க்க முடியலை.

நான் மெக்கானிக்கல் மூணாம் வருஷம். (ஸ்பேனர் பிடிச்சதெல்லாம் லேப்ல மட்டும்தான், ஹி ஹி.) எனக்கு அந்த அஞ்சு நிமிஷம்தான் உறுத்திச்சு. ஸ்பார்க் போனா பெரும்பாலும் பட்டுனு நிக்கும். இது பட்டினி கிடந்தவன் மாதிரி தள்ளாடி நிக்குது. கார்புரேட்டர்ல பெட்ரோல் தேங்க ஒரு சின்னக் கிண்ணம் இருக்கு. மேடு ஏறும்போது இன்ஜின் நிறைய குடிக்கும். வரத்து குறைவா இருந்தா கிண்ணம் காலி. கொஞ்சம் விட்டு செல்ஃப் அடிச்சா மறுபடி சேரும்.

டேங்க் மூடியில இருக்கற காத்து ஓட்டை அடைச்சாலும் இப்படி ஆகும். ஆனா மலையில வண்டி நின்னப்போ மூடியைத் திறந்தேன், உஸ்ஸுனு சத்தம் வரலை. அதனால அது இல்லை.

ஞாயித்துக்கிழமை வாசல்ல நிறுத்தி, காயில் ஒயரைக் கழட்டிட்டு, கார்புரேட்டருக்குப் போற ஹோஸை ஒரு பாட்டில்ல விட்டேன். "அப்பா, செல்ஃப் அடிங்க." சொட்டு சொட்டா வந்துச்சு. நூறு ரூபாய்க்குள்ள ஒரு புது ஃபில்டர் வாங்கி மாட்டினேன். (முதல்ல அம்புக்குறி பார்க்காம தலைகீழா மாட்டினது தனிக்கதை.) இப்போ பீச்சி அடிச்சுது! பழசைக் கவுத்தா துரு கலர்ல தூள் கொட்டுது. அப்பா அதை உள்ளங்கையில வாங்கிப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

மறுநாளே ஏற்காடு போனோம், எங்கேயும் நிக்கலை. ஆனா ரெண்டே வாரத்துல புது ஃபில்டரும் பழுப்பாயிடுச்சு. டேங்க் உள்ளே துரு இருக்கற வரைக்கும் எத்தனை ஃபில்டர் மாத்தினாலும் இதே கதைதான். வர்ற ஞாயிறு டேங்க்கை இறக்கிக் கழுவப் போறோம்.

காயலான் கடைக்காரர் கூப்பிட்டா அப்பா இப்போ போனை எடுக்கறதில்லை :-)